கிலோ கணக்கில் வாங்கிய சங்கிலி

வாப்பாவுக்கு இடுப்புத் தட்டு விலகிவிட்டது, இனி கனமான எதையும் இழுக்கவோ தூக்கவோ கூடாது என்று மதுரையில் டாக்டர் சொன்ன அன்றுதான் எங்கள் வீட்டில் விண்ட்லஸ், அதாவது நங்கூரத்தை மோட்டாரால் இழுத்தெடுக்கும் இயந்திரம் பற்றிய பேச்சு தொடங்கியது. அதுவரை எங்கள் படகில் நங்கூரம் எடுப்பது என்றால் ஆள் எடுப்பதுதான். 32 அடி ஃபைபர் படகு, உள்ளே டீசல் இன்ஜின், கீழக்கரையிலிருந்து தூண்டில் தொழில். எட்டுப் பாகம், பத்துப் பாகம் (விரித்த இரண்டு கையின் நீளம் ஒரு பாகம்) தண்ணீரில் நங்கூரத்தைப் போட்டு, மீன் கடிக்கவில்லை என்றால் எடுத்து, இடம் மாற்றி மறுபடி போட்டு, அங்கேயும் ஒன்றும் இல்லை என்றால் மறுபடி எடுத்து, இப்படி ஒரு நாளைக்கு ஆறேழு தடவை. முப்பது வருஷம் அதைச் செய்த முதுகு வேறு எப்படி இருக்கும்.

மச்சான் துபாயில் பணக்காரர்களின் உல்லாசப் படகுகளைப் பராமரிக்கும் ஒரு யார்டில் வேலை பார்க்கிறான். கழற்றிப்போட்ட விண்ட்லஸ் ஒன்று இருக்கிறது, மோட்டார் நன்றாக இருக்கிறது, எடுத்து வரட்டுமா என்று கேட்டான். அடுத்த லீவுக்கு வந்தபோது சாமானோடு சாமானாக வந்து சேர்ந்தது. 12 வோல்ட், 1000 வாட்.

விசைப்படகில் மடி (இழுவலை) இழுக்கும் வின்ச்சைப் பார்த்தவர்களுக்கு இதை முதலில் பார்த்தால் கொஞ்சம் குழப்பமாக இருக்கும். வின்ச்சில் கம்பி உருளையைச் சுற்றிக்கொண்டு அங்கேயே இருக்கும். விண்ட்லஸ் எதையும் சுற்றி வைத்துக்கொள்ளாது. அதில் குழி குழியாக வெட்டிய ஒரு சக்கரம் இருக்கிறது, ஜிப்சி என்கிறார்கள், நாங்கள் குழிச்சக்கரம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஒவ்வொரு குழியில் வந்து உட்காரும், சக்கரம் சுற்றும், கண்ணி அந்தப் பக்கம் கழன்று கீழே அணியத்துப் (படகின் முன்முனை) பெட்டிக்குள் விழும். அவ்வளவுதான் வேலை. இந்த "உட்காரும்" என்ற சொல்லில்தான் நான் பணத்தை விட்டேன்.

சக்கரத்தின் ஓரத்தில் 8 என்று பொறித்திருந்தது. 8 மில்லி சங்கிலி என்று நினைத்துக்கொண்டு இரும்புக் கடைக்குப் போனேன். கடையில் சங்கிலி கிலோ கணக்கில் விற்கிறார்கள். 8 மில்லி இருக்கிறதா என்றால் இருக்கிறது, எத்தனை கிலோ வேண்டும் என்றுதான் கேட்டார்கள். நாற்பது கிலோ போட்டு ஆட்டோவில் ஏற்றி வந்தேன். பார்க்க நன்றாகப் பளபளவென்றுதான் இருந்தது. கரையில் வைத்து வெறும் சங்கிலியாக ஓட்டிப் பார்த்தபோது கூட சரியாகத்தான் ஓடியது. பாரம் இல்லாதபோது எந்தச் சங்கிலியும் ஓடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

முதல் நாள் கடலில், நங்கூரம் பாதி மேலே வந்திருக்கும், சக்கரத்தில் டக் டக்கென்று ஒரு சத்தம். சங்கிலி குழியில் உட்காராமல் குழிக்கும் குழிக்கும் நடுவில் இருக்கும் மேட்டில் ஏறி நின்றது. மச்சான் குனிந்து பார்ப்பதற்குள் சரிந்து, மொத்தச் சங்கிலியும் பேய் பிடித்த மாதிரி இரைந்துகொண்டு கடலுக்குள் ஓடியது. அவன் கால் ஒரு சாண் தள்ளி இருந்ததால் தப்பித்தது. கடைசி முனையைப் பெட்டிக்குள் பழைய கயிறு ஒன்றால் கட்டி வைத்திருந்தேன், அது பிடித்துக்கொண்டது. வாப்பா பின்னால் உட்கார்ந்திருந்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து வந்து இழுக்கப் போனார், நாங்கள்தான் தடுத்து உட்கார வைத்து, கையால் இழுத்து முடித்தோம்.

அன்று ராத்திரி லேத் பட்டறையிலிருந்து ஒரு வெர்னியர் வாங்கி வந்து கண்ணி கண்ணியாக அளந்தேன். கம்பியின் தடிமன் 8 மில்லிதான், அதில் பொய் இல்லை. ஆனால் கண்ணியின் உள்நீளம் ஒன்றில் 25, அடுத்ததில் 26, இன்னொன்றில் அதற்கும் மேல். சக்கரத்துக்கு வேண்டியது 24. ஒரு கண்ணிக்கு இரண்டு மில்லி என்றால் பெரிதாகத் தெரியாது. பத்துக் கண்ணியில் அது 20 மில்லி, கிட்டத்தட்ட ஒரு முழுக் குழி தள்ளிப்போகிறது.

அதனால் யாராவது இதை வாங்கப் போகிறீர்கள் என்றால், சங்கிலியின் தடிமனை மட்டும் கேட்காதீர்கள். தடிமன், உள்நீளம், வெளி அகலம், இந்த மூன்றும் சக்கரத்தோடு ஒத்துப்போக வேண்டும். எல்லாக் கண்ணியும் ஒரே அளவில் வருகிற மாதிரி அளவெடுத்துச் செய்த சங்கிலி தனியாகவே இருக்கிறது, கேலிபரேட்டட் என்று கேட்க வேண்டும், அதுவும் குட்டைக் கண்ணியாக இருக்க வேண்டும். லாரியில் பாரம் கட்டும் நீளக் கண்ணிச் சங்கிலி இதற்கு ஆகவே ஆகாது. ஐரோப்பியச் சக்கரங்களில் டின் 766 (ஜெர்மன் தர அளவு) அல்லது ஐஎஸ்ஓ 4565 (சர்வதேசத் தர அளவு) என்று போட்டிருப்பார்கள். 8 மில்லியில் இரண்டுக்கும் உள்நீளம் 24 தான், அதனால் கவலை இல்லை. 10 மில்லியில்தான் வம்பு, டின் என்றால் 28, ஐஎஸ்ஓ என்றால் 30, இரண்டையும் கடைக்காரர் "10 மில்லி" என்றே கொடுப்பார். அமெரிக்கச் சங்கிலி அங்குலக் கணக்கு, அதன் அளவே வேறு. சக்கரத்தில் எழுத்து தேய்ந்துபோயிருந்தால், ஒரு மீட்டர் துண்டு மட்டும் முதலில் வாங்கி, சக்கரத்தில் சுற்றி, மறுமுனையில் ஒரு ஆளைத் தொங்கவிடாத குறையாக இழுத்துப் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள். சக்கரம் படுக்கை வாட்டத்தில் சுற்றுகிறதா செங்குத்தாகச் சுற்றுகிறதா என்பதையும் பாருங்கள். படுக்கையாகச் சுற்றும் சக்கரத்தில் சங்கிலி பாதி வட்டம் பிடித்துக்கொள்ளும், செங்குத்தாகச் சுற்றுவதில் கால் வட்டம்தான் பிடி, அதில் அளவு கொஞ்சம் தவறினாலும் நழுவும். எங்களுடையது கால் வட்டம்.

அப்புறம் கிரேடு. 30, 40, 70 என்று சொல்வார்கள். இது பெரிய ரகசியம் இல்லை. 30 என்றால் ஒரு சதுர மில்லிமீட்டர் இரும்புக்கு 300 நியூட்டன் வரை தாங்கிவிட்டுத்தான் அறும் என்று அர்த்தம். கண்ணிக்கு இரண்டு கால் இருப்பதால் 8 மில்லிச் சங்கிலியில் சுமார் 100 சதுர மில்லி இரும்பு இருக்கிறது, ஆக கிரேடு 30 ஏறக்குறைய 3 டன்னில் அறும், கிரேடு 40 ஏறக்குறைய 4 டன்னில். தினசரி வைக்கும் பாரம் அதில் கால் பங்குக்குள் இருக்க வேண்டும். எங்கள் படகுக்கு 30 போதும், கிடைத்தது 40, எடுத்துக்கொண்டேன். 70 பற்றி மச்சான் ரொம்பச் சொன்னான், மெல்லிசாகப் போட்டு எடையைக் குறைக்கலாம் என்று. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அது சூட்டில் பதப்படுத்திய இரும்பு, துத்தநாகப் பூச்சு போன பிறகு நம்மூர்ப் பட்டறையில் மறுபூச்சுக்குக் கொடுத்தால் அந்தச் சூட்டிலேயே பதம் கெட்டுவிடலாம். நம் கடலில் பூச்சு சீக்கிரம் போகிறது.

எவர்சில்வர் சங்கிலி வாங்கலாமே, துருப்பிடிக்காதே என்று கேட்ட சொந்தக்காரர்கள் மூன்று பேர். சேறு ஒட்டி, காற்றே படாமல், சூடான உப்புத் தண்ணீரோடு பெட்டிக்குள் குவிந்து கிடந்தால் எவர்சில்வரும் ஊசி குத்தின மாதிரி உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போகும், வெளியே மினுமினுப்பாகவே இருக்கும். துரு தெரிகிற இரும்பாவது சொல்லிவிட்டுச் சாகும். சூடான துத்தநாகத் தொட்டியில் முக்கியெடுத்ததுதான் எனக்குச் சரி.

கடைசியில் கொச்சியில் கப்பல் சாமான் விற்கும் ஒரு கடையில் 30 மீட்டர் வாங்கினேன். விலை இரும்புக் கடைச் சங்கிலியைப் போல இரண்டு மடங்குக்கு மேல். வீட்டில் உம்மாவிடம் பாதி விலைதான் சொன்னேன்.

ஏன் 30 மீட்டர், ஏன் 90 இல்லை என்று கேட்கலாம். இதற்குப் பதில் படகில் இல்லை, தரையில் இருக்கிறது, அதாவது கடலுக்கு அடியில் இருக்கும் தரையில். இந்தப் பகுதியில் தொழில் செய்கிறவர்களுக்கு இரண்டு கடல். தென்கடல் மன்னார் வளைகுடா, வடகடல் பாக் விரிகுடா. வடகடலில் பெரும்பாலும் 10 மீட்டருக்கு உள்ளேதான் ஆழம், அடியில் சேறு, கடல்புல். தென்கடலில் மணலும் பாரும் (பவளப்பாறைத் திட்டு) மாறி மாறி வரும், வெளியே போகப் போக ஆழம் கூடும். வாடைக்காற்றில் வடகடல் கொந்தளிக்கும், தென்மேற்குக் காற்றில் தென்கடல் கொந்தளிக்கும், மண்டபத்தில் காற்று மாறினால் படகுகளை வடக்குக் கரையிலிருந்து தெற்குக் கரைக்குக் கொண்டுபோய்க் கட்டுவதே அதனால்தான்.

பார் ஓரத்தில் நங்கூரம் போட்டால் கயிறு கல்லில் தேய்ந்து ஒரே ராத்திரியில் அறுந்துவிடும், அங்கே தரையில் கிடக்கும் பகுதி முழுக்கச் சங்கிலியாக இருந்தாக வேண்டும். (பாரின் மேலேயே போடாதீர்கள். பவளப்பாறை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. சட்டத்தை விடுங்கள், 30 மீட்டர் இரும்பு காற்றுக்கு அப்படியும் இப்படியும் புரண்டால் அடியில் என்ன மிஞ்சும். கடல்புல்லுக்கும் அதே கதிதான், ஆவுளியா (கடல்பசு) மேய்கிற இடம் அது.) சேற்றில் வேறு கணக்கு. அங்கே சங்கிலியின் கனம் நங்கூரத்தின் காம்பைக் கீழே படுக்க வைக்கிறது, மேல்நோக்கி இழுபடாமல் கிடைமட்டமாக இழுபட்டால்தான் நங்கூரம் சேற்றைக் கவ்வும். கம்பியை வளைத்துப் பற்றவைத்த நாலு கை நங்கூரம் பார் இடுக்கில் நன்றாக மாட்டும், சேற்றில் கோழி கிளறுகிற மாதிரி கிளறிக்கொண்டே வரும். அதனால் இப்போது 15 கிலோவில் கலப்பை மாதிரி ஒன்றும் வைத்திருக்கிறோம்.

எவ்வளவு விட வேண்டும் என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு: ஆழத்தோடு அணியத்தின் உயரத்தையும் கூட்டி, அதைப் போல ஐந்து மடங்கு. காற்று கூடினால் ஏழு. நம் பக்கம் ஏற்றவற்றம் ஒரு மீட்டரைத் தாண்டுவதில்லை என்பதால் அதற்காகப் பெரிதாகச் சேர்க்க வேண்டியதில்லை. வடகடலில் 6 மீட்டர் ஆழம், அணியம் ஒன்றரை மீட்டர், ஏழரையை ஐந்தால் பெருக்கினால் முப்பத்தேழரை. அதாவது கிட்டத்தட்ட முழுக்கச் சங்கிலியிலேயே நிற்கலாம். தென்கடலில் 15 மீட்டர் என்றால் எண்பத்திரண்டரை மீட்டர் வேண்டும். அத்தனையும் சங்கிலியாகப் போட்டால்? 8 மில்லிச் சங்கிலி மீட்டருக்கு 1.4 கிலோ. 90 மீட்டர் 126 கிலோ. இரண்டு ஆளை எந்நேரமும் அணியத்தில் உட்கார வைத்து ஓட்டுகிற மாதிரி, எதிர் அலையில் மூக்கு குத்திக்கொண்டே போகும். ஆகவே 30 மீட்டர் சங்கிலி, அதற்குப் பின்னால் 60 மீட்டர் கயிறு.

மோட்டாருக்குப் போதுமா என்பதற்கும் ஒரு கணக்கு. சங்கிலி 42 கிலோ, நங்கூரம் 15, மொத்தம் 57. விண்ட்லஸ் இழுக்கும் திறன் இதைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்பார்கள், 171 கிலோ. எங்களுடையது அதற்கு மேல் இழுக்கும்.

கயிறுதான் இதில் எல்லோரும் அலட்சியம் பண்ணுகிற விஷயம். வலைக் கடையில் கிடைக்கும் நீலக் கயிறு, பச்சைக் கயிறு எல்லாம் மிதக்கிற ரகம். வலைக்கு அது நல்லது. நங்கூரத்துக்கு, காற்று ஓய்ந்து கயிறு தளர்ந்தால் தண்ணீர் மேல் பாம்பு மாதிரி மிதந்து கிடக்கும், நம் காற்றாடியோ (படகைத் தள்ளும் இன்ஜின் விசிறி) பக்கத்துப் படகுக் காற்றாடியோ வாரிச் சுருட்டிக்கொள்ளும். வெயிலில் நாராகவும் உதிரும். நைலான் மூழ்கும். அதைவிட முக்கியம், நைலான் நீளும். நல்ல இழுவை விழுந்தால் பத்தில் ஒரு பங்கு, அதற்கு மேலும் நீண்டு கொடுத்துவிட்டு மறுபடி சுருங்கும். சங்கிலிக்குத் தொய்வு இருக்கிற வரைதான் அலையின் குத்தைத் தாங்கும் தன்மை உண்டு, பலத்த காற்றில் சங்கிலி கம்பி மாதிரி விறைத்த பிறகு ஒவ்வொரு அலையும் நேராக அணியத்துக் கட்டையில்தான் இடிக்கும். அந்த இடியை வாங்கிக்கொள்வது நைலான். பாலியஸ்டர் கயிறு நல்ல கயிறுதான், ஆனால் அவ்வளவாக நீளாது, இந்த வேலைக்கு வேண்டாம்.

எங்கள் விண்ட்லஸ் கையேட்டில் 8 மில்லிச் சங்கிலிக்கு 14 மில்லிக் கயிறு என்று போட்டிருந்தது. இதிலும் சொந்த புத்தியைக் காட்டக் கூடாது. மெல்லிசாக இருந்தால் சக்கரத்தின் பள்ளத்தில் பிடிக்காமல் வழுக்கும், தடித்திருந்தால் பள்ளத்தில் இறங்காது. கயிற்றைப் பள்ளத்தில் அழுத்திப் பிடிக்க ஸ்பிரிங் வைத்த ஒரு சின்னக் கை இருக்கும், அதன் ஸ்பிரிங் நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், எங்களுடையதில் துருப்பிடித்துப் போயிருந்தது. மூன்று புரிக் கயிறு மலிவு, பின்னுவது எளிது, ஆனால் உப்பு ஏறி ஏறி ஒரு வருஷத்தில் கட்டை மாதிரி விறைத்துவிடும். எட்டுப் புரியில் சதுரமாகப் பின்னி வருவது மெத்தென்று மடங்கிப் பெட்டியில் அடங்கும், விலை கூட. பணம் சங்கிலியில் கரைந்துவிட்டதால் நான் மூன்று புரிதான் வாங்கினேன். அடுத்த தடவை எட்டுப் புரி.

கயிற்றையும் சங்கிலியையும் சேர்ப்பது எப்படி என்பதில் இரண்டு நாள் போனது. சாக்கிள் (ஆணி போட்டு மூடும் இரும்பு வளையம்) போட்டால் சக்கரத்தில் ஏறாது, முடிச்சும் ஏறாது. கயிற்றுப் புரியைச் சங்கிலியின் கடைசிக் கண்ணிக்குள் நுழைத்து அதே கயிற்றுக்குள்ளேயே திருப்பிப் பின்ன வேண்டும். எனக்கு வரவில்லை, யூடியூப் பார்த்தும் வரவில்லை. ஏர்வாடியிலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்தேன், பாய்மர வத்தையில் தொழில் செய்தவர். விண்ட்லஸை ஒரு தடவை சுற்றிவந்து பார்த்தார். "இதுக்கு எவ்வளவு தடிமன் உள்ள போகும் தம்பி?" என்று மட்டும் கேட்டார். பிறகு இரண்டு புரியை ஒரு பக்கமும் ஒரு புரியை எதிர்ப்பக்கமும் கண்ணிக்குள் விட்டு, ஆறு சுற்றுப் பின்னி, கடைசி இரண்டு சுற்றில் புரியின் நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக் குறைத்து, வால் மாதிரி மெலிதாக முடித்தார். நுனியை நெருப்பில் உருக்கலாமா என்று கேட்டேன். உருக்கினால் அங்கே கண்ணாடி மாதிரி கூர் வரும், அதுவே கயிற்றை அறுக்கும் என்றார். பின்னல் இப்போது சக்கரத்தில் ஒரு சின்னத் தயக்கத்தோடு ஏறி இறங்குகிறது, அந்த இடம் வரும்போது மட்டும் பட்டனை விட்டு விட்டு அமுக்குகிறோம். கடைசிக் கண்ணி உரசுகிற இடத்தில் துரு படியும், நார் பிசிறும். விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை பட்டறை ஆட்கள், பெயிண்ட் ஆட்கள் எல்லாம் துறையிலேயே இருப்பார்கள், நம் படகுக்குத் தடை இல்லாவிட்டாலும் அப்போதே அந்த ஒரு முழத்தை வெட்டிவிட்டுப் புதிதாகப் பின்னிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

இன்னொன்று, விண்ட்லஸ் எடுப்பதற்கு மட்டும்தான். நங்கூரம் போட்டபின் பாரத்தை அதன் மேல் விட்டுவைத்தால் உள்ளே பல் உடையும், தண்டு வளையும். சங்கிலி என்றால் கொக்கி மாட்டிய ஒரு துண்டு நைலானை அதில் போட்டு அணியத்துக் கட்டையில் கட்டிவிடுங்கள், கயிறு என்றால் நேராகக் கட்டையிலேயே சுற்றிவிடுங்கள். எடுக்கும்போதும் படகை இழுத்துப் போவது மோட்டாரின் வேலை இல்லை. இன்ஜினை முன்னே கொடுத்து, நங்கூரத்துக்கு நேர் மேலே வந்து, தொங்குவதை மட்டும் அது எடுக்கட்டும். பத்துப் பாகத்தில் தொங்குவது 25 கிலோ சங்கிலியும் நங்கூரமும்தான். பாரில் மாட்டிக்கொண்டால் பட்டனை அமுக்கிக்கொண்டே நிற்காமல் கட்டையில் கட்டி இன்ஜினால் எதிர்ப்பக்கம் இழுத்து விடுவியுங்கள். 1000 வாட் என்றால் 12 வோல்ட்டில் 80 ஆம்பியருக்கு மேல் ஓடுகிறது, பேட்டரி பின்னால், மோட்டார் முன்னால், நடுவில் போகும் வயர் தடிமனாக இல்லாவிட்டால் அதுவே சூடாகும். நாங்கள் இன்ஜின் ஓடாமல் விண்ட்லஸைத் தொடுவதே இல்லை.

கடைசி முனை பற்றி மேலே சொன்னேன். அதைச் சாக்கிள் போட்டுப் படகில் இறுக்கிவிடாதீர்கள். மேல்தட்டு வரை எட்டுகிற நீளத்துக்கு ஒரு கயிற்றால் கட்டுங்கள். ராத்திரி பெருங்காற்றில் பக்கத்துப் படகு நங்கூரம் பிய்த்துக்கொண்டு நம் மேல் வருகிறது என்றால், கத்தியால் ஒரு வெட்டு வெட்டிவிட்டுத் தப்பிக்க வேண்டும். அந்த நேரத்தில் துருப்பிடித்த சாக்கிளோடு யாரும் மல்லுக்கட்ட முடியாது.

எவ்வளவு விட்டிருக்கிறோம் என்று தெரிவதற்குச் சங்கிலியில் ஐந்து மீட்டருக்கு ஒரு சிவப்பு அடித்து வைத்தேன். வாப்பா இப்போது அணியத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு பட்டனை அமுக்குகிறார், வேறு யாரிடமும் தருவதில்லை. மீட்டர் கணக்கு அவருக்கு ஆகவில்லை. இரண்டு கையையும் விரித்து அளந்து, பாகத்துக்குப் பாகம் வெள்ளைத் துணி கிழித்துக் கட்டியிருக்கிறார். அந்தத் துணி சக்கரத்தில் சிக்கி நாறுகிறது, அவிழ்த்தால் மறுநாள் மறுபடி இருக்கிறது, நானும் சொல்வதை விட்டுவிட்டேன்.